மடைவாயில் குழவி

குளத்து மீன் வெட்டவெளியை விரும்புவதில்லை. ஒதுங்கி நிற்க அதற்கு ஓர் இடம் வேண்டும். மூழ்கிய மரம், பழைய கிணற்றின் விளிம்பு, வண்டல் அள்ளிய பள்ளத்தின் ஓரம், எதுவானாலும் சரி. தண்ணீருக்குள் கிடக்கும் கட்டையின் மேல் சில நாட்களிலேயே வழவழப்பாகப் பாசி படியும். பாசியைத் தின்னப் பூச்சி வரும். பூச்சியைத் தின்னக் குஞ்சு மீன் வரும். குஞ்சைப் பிடிக்க விரால் வந்து நிழலில் அசையாமல் நிற்கும். ஆக, ஒரு கிளையைத் தண்ணீருக்குள் இறக்குவது ஒரு கடையைத் திறப்பது மாதிரி.

ஆலடிப்பேரியில் அப்படி ஒன்றும் இல்லை. தரை முழுக்க வழித்து வைத்த தட்டு. அந்தக் குளத்தின் மீன் குத்தகையை எடுத்திருந்தவள் முத்துசெல்வி. குற்றால சீசனுக்கு வருபவர்களில் தூண்டில் பிரியர்கள் சிலர் உண்டு. அவர்களைக் கரையில் உட்கார வைத்துவிடலாம் என்று அவளுக்கு யோசனை சொன்னவர் இலஞ்சி கோமதிசங்கர். ஆழ்துளைக் கிணற்றுக்குள் கேமரா இறக்கி, ஊற்று எந்த ஆழத்தில் இருக்கிறது, மோட்டார் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமை தூண்டில். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இரண்டிலும் அவருக்குப் பிடித்த பகுதி.

குளம் வற்றிக் கிடந்த மே மாதத்தில் சீமைக்கருவேலம் கிளைகளை வெட்டிக் கட்டுக் கட்டாகக் கட்டினார்கள். கட்டு மிதக்காமல் இருக்க அடியில் கனம் வேண்டும். முத்துசெல்விக்கு உடனே தோன்றியது ஆட்டுரல்.

கிரைண்டர் வந்த பிறகு ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஓர் ஆட்டுரல் சும்மா கிடக்கிறது. அதை உடைக்கக் கூடாது, விற்கக் கூடாது, தெருவில் தள்ளக் கூடாது. தண்ணீரில் விட்டால் மட்டும் தோஷமில்லை. எனவே முத்துசெல்வியும் அவள் தம்பி சுடலைராஜும் லோடு ஆட்டோவோடு வந்து கேட்டபோது, ஊரே மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கல்லைத் தூக்கிக் கொடுத்தது.

குளத்துக்குக் கீழே வீடும் வயலும் வைத்திருந்த தங்கபுஷ்பம் மட்டும் குழவியை மட்டுமே கொடுத்தாள்.

"உரலுல கோழிக்குத் தண்ணி வைக்கேன். அதைத் தர முடியாது. குழவிய வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

"உரலு இல்லாம குழவி மட்டும் எதுக்கு மைனி?" என்றாள் முத்துசெல்வி.

"நீ மட்டும் சேத்தா வைக்கப் போற? ஆட்டோல பிரிச்சுல்லா அடுக்கி வச்சிருக்கிய."

உண்மைதான். கோமதிசங்கர் பெரிய கட்டுகளுக்கு உரல், சிறிய கட்டுகளுக்குக் குழவி என்று பிரித்திருந்தார். கனத்துக்குத் தகுந்த கட்டு. அவருக்கு அது கணக்கு.

"ஜோடியப் பிரிச்சா ஒண்ண ஒண்ணு தேடும்னு எங்க மாமியா சொல்லுவாவ," என்றாள் தங்கபுஷ்பம்.

"தேடட்டும் மைனி," என்றான் சுடலைராஜ். "அப்பிடியாவது ஒங்க குழவி நாலு எடம் பாக்கட்டும். கொல்லையிலயே கெடந்து அதுக்கும் சடைஞ்சு போயிருக்கும்."

ஜூனில் சாரல் பிடித்தது. சிற்றாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து குளம் ஏறியது. ஒவ்வொரு கட்டும் கிடந்த இடத்தைக் கோமதிசங்கர் போன் வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தார்.

அவரிடம் ஒரு சோனார் பந்து இருந்தது. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரியது. தூண்டில் நூலில் கட்டி வீசினால் மிதக்கும். மிதந்தபடி அடியை நோக்கி ஒலித் துடிப்புகளை அனுப்பும். துடிப்பு எதிலாவது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடும். சேறு ஒலியை விழுங்கிவிடும் என்பதால் போன் திரையில் மங்கலான கோடாக வரும். கல் அப்படியே திருப்பி அடிக்கும். தடித்த, பளிச்சென்ற கோடு. மீன் வில் மாதிரி வளைந்து தெரியும். அதற்கும் காரணம் இருக்கிறது. ஒலி ஒரு கூம்பாக விரிந்து இறங்குகிறது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவில் குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். நேராக நீந்திய மீன் திரையில் வளைவாக விழுகிறது.

சீசன் முழுக்க வில்களுக்குக் குறைவில்லை. விராலும் கெண்டையும் கட்டுகளைச் சுற்றி நின்றன. முத்துசெல்வியின் முகத்தில் சிரிப்பு வந்தது.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் மறுபடி பந்தை வீசியபோதுதான் கோமதிசங்கர் அதைக் கவனித்தார். பெரிய கட்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. சின்னக் கட்டுகள் இல்லை. தேடினால், ஒவ்வொன்றும் ஒரு பெரிய கட்டின் பக்கத்தில் போய் ஒட்டிக் கிடந்தது.

முத்துசெல்வி திரையைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இது என்ன, கூட்டம் கூடுது?"

"குழவி அடி உருண்டை. ஈரக் களிமண்ணுல சோப்பு மாதிரி வழுக்கும். உரலு கனம், அது கெடக்கிற எடம் அமுங்கிக் குழி விழும். சரிவு அங்கன இருக்கு, உருண்டது அங்கனதான் போவும். காத்துக்கு அலை வேற தள்ளுது."

நல்ல விளக்கம். அவருக்கே பிடித்திருந்தது. தங்கபுஷ்பத்தின் குழவி கட்டிய கட்டு மட்டும் எந்த உரலிடமும் போகவில்லை. அது கரையை நோக்கி, மடை இருக்கும் திசையில், பாதி தூரம் வந்திருந்தது. அதற்கும் விளக்கம் இருந்தது. மடை திறந்திருக்கும்போது அடித்தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும்.

தை மாதம், நெற்கதிர் பால் பிடிக்கும் நேரத்தில், மடையில் தண்ணீர் வருவது நின்றது.

ஆலடிப்பேரியில் இரண்டு மடைகள். மேல் மடையின் வாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்கிவிட்டதால் அது இனிப் பயன்படாது. கீழ் மடை பழையது. தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள். அவற்றின் அடியில், தரையைவிட ஒரு சாண் உயரத்தில், ஒரு பலகைக்கல். அதன் நடுவில் வட்டமாக ஒரு துளை. துளையை ஒரு கட்டை அடைத்திருக்கும். கம்பியைப் பிடித்துக் கட்டையை மேலே இழுத்தால் தண்ணீர் துளைக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போகும் கல் சுரங்கத்தின் வழியாக மறுபக்கம் வாய்க்காலில் விழும். நாய் நுழையும் அளவு சுரங்கம், அவ்வளவுதான்.

மடை பார்க்கும் செல்லப்பா கட்டையை முழுக்கத் தூக்கியிருந்தார். வாய்க்காலில் விரல் தடிமன் தண்ணீர்கூட வரவில்லை. தூண்களுக்கு நடுவே கருவேலங்கிளைகள் அவிழ்ந்து மிதந்தன. அவற்றோடு கட்டியிருந்த கல்லைக் காணோம்.

குழவிதான் துளையை அடைத்திருக்கிறது என்று முத்துசெல்விக்குப் புரிந்துவிட்டது. வயல்காரர்கள் கரையில் நின்று அவளைப் பார்த்தார்கள்.

"நான் முங்கி எடுக்கேன் எக்கா," என்றான் சுடலைராஜ். சட்டையைக் கழற்றிவிட்டிருந்தான்.

"நில்லு தம்பி," என்றார் கோமதிசங்கர். "அது முதலை வாயில கையக் குடுக்கிற மாதிரி."

அவர் மண்ணில் குச்சியால் படம் போட்டு விளக்கினார். கல்லுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் நிற்கிறது. கல்லுக்குக் கீழே வெறும் சுரங்கம், காற்று. அந்தத் தண்ணீரின் கனம் முழுவதும் கல்லைத் துளைக்குள் அமுக்குகிறது. ஒரு சிமெண்ட் மூட்டை அளவு அமுக்கம். எப்படியோ நெம்பிக் கல்லை எடுத்தாலும், எடுத்த நொடியில் தண்ணீர் துளைக்குள் பாயும். பக்கத்தில் இருக்கும் கை தோள்வரை உள்ளே போகும். கரையில் நிற்பவர்கள் எத்தனை பேர் கயிற்றை இழுத்தாலும் வெளியே வராது.

முத்துசெல்வி தம்பியின் சட்டையை எடுத்து அவன் கையில் திணித்தாள். "போடுலே."

"பயிரு?"

"பயிரு போனா அடுத்த வருசம் நடுவாவ. நீ போடு சட்டைய."

"அதுக்கு வழி இருக்கு," என்றார் கோமதிசங்கர். "சுரங்கத்தோட வெளிவாய மணல் மூட்டை வச்சு அடைச்சுருவோம். கல்லு ஓரமா கசியுற தண்ணி சுரங்கத்துல நெறையும். மேலயும் தண்ணி, கீழயும் தண்ணின்னு ஆயிட்டா அமுக்கம் இல்ல. சும்மா கெடக்கிற கல்லை எடுக்கிற மாதிரி எடுத்துரலாம்."

அடைப்பதற்கு முன்னால் என்னதான் இருக்கிறது என்று பார்க்க விரும்பினார். கேமராத் தலையை ஒரு மூங்கிலின் நுனியில் மேல்நோக்கி வளைத்துக் கட்டி, சுரங்கத்துக்குள் தள்ளினார். திரையை வாய்க்கால் கரையில் வைத்து எல்லோரும் குனிந்தார்கள். ஈரக்கல் சுவர் நகர்ந்தது. ஒரு தேரை கண் கூசி ஒதுங்கியது. பிறகு மேலே வட்டத் துளை. அதை நிறைத்துக்கொண்டு குழவியின் அடிப்பாகம், பல வருடம் மாவரைத்து மழுங்கிய அந்த உருண்டை, தண்ணீர் சொட்டியபடி தெரிந்தது.

அது சுற்றிக்கொண்டிருந்தது.

சுரங்கத்தின் வாயில் காதை வைத்தபோது சத்தமும் கேட்டது. கல்லின் மேல் கல். கர்ர்ர் என்று மூன்று நான்கு சுற்று, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று நான்கு சுற்று.

"கசியுற தண்ணிதான் சுத்த வைக்கி," என்றார் கோமதிசங்கர். "அருவிக்கு மேல பாறையில வட்டக் குழி இருக்கும்லா. சுழிக்குள்ள மாட்டுன கல்லு சுத்திச் சுத்திக் குடைஞ்சதுதான் அது."

"நிப்பாட்டுறது யாரு?" என்று கேட்டாள் முத்துசெல்வி.

"துளை சரியான வட்டமா இருக்காது. மேடு வந்தா எடறும்."

தங்கபுஷ்பம் இன்னும் காதை எடுக்கவில்லை. "மாவு கெட்டி," என்றாள். "தண்ணி தெளிக்கணும்."

"இட்லிக்கா மைனி, தோசைக்கா?" என்று சிரித்தான் சுடலைராஜ்.

"உளுந்து." அவள் சிரிக்கவில்லை. "உளுந்துக்குத்தான் இப்பிடி நிப்பாட்டி நிப்பாட்டி வழிச்சு விடணும்."

அதன் பிறகு யாரும் அந்த வாயில் காது வைக்கவில்லை. செல்லப்பாவும் இரண்டு பேரும் மணல் மூட்டைகளை அடுக்கி, இடுக்குகளில் களிமண் அப்பினார்கள். கேமராவை வெளியே இழுக்காமல் உள்ளேயே விட்டார் கோமதிசங்கர். அதன் வயர் இரண்டு மூட்டைகளுக்கு நடுவே வெளியே வந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கம் நிறைய மதியம் ஆகிவிட்டது.

கரையேறிக் குளத்துப் பக்கம் வந்தார்கள். நீரோட்டம் நின்றுவிட்டதா என்று சோதிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். நீண்ட குழாய் ஒன்றின் வழியாக, துளை இருக்கும் ஆழத்தில் மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரை விட்டார். சுடலைராஜ் நீச்சல் கண்ணாடி போட்டுத் தலையை முக்கிப் பார்த்தான்.

"அப்பிடியே நிக்கி அண்ணாச்சி. மேகம் மாதிரி."

மஞ்சள் நகரவில்லை என்றால் தண்ணீரும் நகரவில்லை. கோமதிசங்கர் தலையசைத்தார். முத்துசெல்வி தம்பியின் இடுப்பில் கயிறு கட்டி, முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

அவன் முங்கினான். கொஞ்ச நேரத்தில் மேலே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணாச்சி, கசியுற தண்ணிதான் கல்லச் சுத்த வைக்கின்னு சொன்னீயள்லா?"

"ஆமா."

"தண்ணி நின்னும் கல்லு நிக்கலை. சுத்துது."

"தொட்டியா?" என்று கேட்டார் கோமதிசங்கர்.

"தொடலை. பாத்தேன்."

"போதும், ஏறு," என்றாள் முத்துசெல்வி. கயிற்றை இழுத்தாள். "ஏறுலே மேல."

அவன் கரையைப் பார்த்தான். வயல்காரர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "இன்னும் ஒரே ஒரு வாட்டி எக்கா," என்றான். அவள் பதில் சொல்வதற்குள் தலை மறைந்துவிட்டது.

கயிறு அவள் கையிலிருந்து மெல்ல இறங்கியது. நின்றது. குமிழிகள் வந்தன, பிறகு அவையும் நின்றன. குளம் பூராவும் வெயில் தகடாகக் கிடந்தது.

அப்போது கரைக்கு மறுபக்கத்திலிருந்து செல்லப்பா ஓடி வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் நனைந்திருந்தது.

"மூட்டை சரிஞ்சுட்டு. வயரு வந்த எடத்துல களிமண்ணு கரைஞ்சு அத்துக்கிட்டுப் போவுது. தண்ணி கொட்டுது. பையன மேல எடுங்க."

சுரங்கம் காலியாகிறது என்றால் அமுக்கம் திரும்பிவிட்டது. துளைக்குப் பக்கத்தில் இருக்கும் கை என்ன ஆகும் என்பதைக் காலையில் மண்ணில் படம் போட்டவர் கோமதிசங்கர்தான். அவரும் கயிற்றைப் பிடித்தார். இருவரும் இழுத்தார்கள். கயிறு கனத்தது. மனுஷ எடையைவிட அதிகமாகக் கனத்தது. முத்துசெல்வி கையோடு கை மாற்றி இழுத்தாள்.

தலை வந்தது. தோள் வந்தது. இரண்டு கையாலும் குழவியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான், பிள்ளையைத் தூக்குவதுபோல.

கரைப் படியில் உட்கார வைத்தபோது கல்லை விட மறுத்தான். தங்கபுஷ்பம்தான் வந்து வாங்கிக் கீழே வைத்தாள். மறுபக்கம் வாய்க்காலில் தண்ணீர் பாயும் இரைச்சல் கரையைத் தாண்டிக் கேட்டது. வயல்காரர்கள் எழுந்து ஓடினார்கள்.

முத்துசெல்வி அவன் கைகளைப் பிடித்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். "எப்பிடிலே தூக்கின?"

"நான் தூக்கலை எக்கா."

"பின்ன?"

"குடுத்தாவ."

அவள் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

கோமதிசங்கர் வாய்க்கால் பக்கம் போனார். சரிந்த மூட்டைகளுக்கு நடுவே வயர் இன்னும் கிடந்தது; உள்ளே சுவரின் பிளவில் மூங்கில் சிக்கியிருந்ததால் கேமரா அடித்துப் போகவில்லை. திரையை எடுத்துக்கொண்டு புளியமர நிழலில் உட்கார்ந்தார். பதிவைப் பின்னால் ஓட்டினார். தம்பியைக் கூட்டிக்கொண்டு முத்துசெல்வி வந்தாள். தங்கபுஷ்பமும் வந்து நின்றாள்.

நிறைந்த சுரங்கத்துக்குள் தண்ணீர் கலங்கலாக இருந்தது. விளக்கொளியில் குழவி சுற்றியது, நின்றது, சுற்றியது. பிறகு ஓரிடத்தில் சுற்றாமல் நின்று, நேராக மேலே எழும்பியது. சாயவில்லை, எதிலும் இடிக்கவில்லை. வட்டத் துளை பச்சை வெளிச்சமாகத் திறந்தது. அந்த நேரம் அங்கே சுடலைராஜின் கை இல்லை.

அடுத்ததாகத் துளையின் வழியே மஞ்சள் இறங்கியது. முன்பு மேகமாக நின்ற அதே மஞ்சள் இப்போது நூலாக நீண்டு, லென்ஸைத் தாண்டிக் கீழே விரைந்தது. மூட்டை சரிந்த நேரம் இதுதான் என்று கோமதிசங்கருக்குத் தெரிந்தது. தண்ணீர் உள்ளே இழுக்கிறது.

பிறகுதான் விரல்கள் வந்தன. துளையின் விளிம்பைத் தடவிக்கொண்டு, கல்லைத் தேடி, மஞ்சள் நூலை நோக்கி வளைந்தன. இன்னும் ஒரு விரற்கடை.

விரல்கள் வெடுக்கென்று பின்னால் போயின.

கோமதிசங்கர் அந்த இடத்தை மெதுவாக ஓட்டினார். மறுபடி ஓட்டினார். ஒருவன் தானாகக் கையை இழுத்துக்கொண்டால் முதலில் மணிக்கட்டு நகரும், விரல்கள் அதன் பின்னால் போகும். இதில் விரல்நுனிகள் முதலில் மேல்நோக்கி மடங்கின. மணிக்கட்டு அதற்குப் பிறகு. மேலேயிருந்து கீழே இழுக்கும் தண்ணீரில், கையை எதுவோ கீழேயிருந்து வெளியே தள்ளியிருந்தது.

"ஆட்டும்போது பிள்ளை பக்கத்துல வந்து கைய நீட்டும்," என்றாள் தங்கபுஷ்பம், திரையைப் பார்த்தபடி. "குழவி நசுக்கிரும்லா. அப்ப மாவு தள்ளுற எடது கையாலேயே இப்பிடித்தான் தட்டி விடுவோம்."

முத்துசெல்வி திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் வலது கையை இடது கைக்குள் பொத்தி வைத்திருந்தான்.

"வலிச்சுதாலே?" என்று கேட்டாள்.

"இல்ல எக்கா," என்றான். "செல்லமாத்தான் இருந்துச்சு."